முகிலியின் மூன்றாம் புத்தகம்

காரைக்குடியில் மீரான் சாகிபு நடத்திய அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும்தான் அச்சாகிக்கொண்டிருந்தன, யூஜினியா டீச்சர் தான் எழுதிய முகிலி கதையைக் கொண்டுவரும் வரைக்கும்.

அரக்கன் ஒருவன் மேகங்களையெல்லாம் விழுங்கிவிட்டு மலைக்கு அடியில் படுத்துக் கிடக்கிறான். வறண்ட ஊரில் ஆடு மேய்க்கும் முகிலி என்ற பெண் அவனைத் தேடிப் புறப்படுகிறாள். முதல் புத்தகத்தில் பேசும் பனங்காட்டைக் கடந்தாள். இரண்டாவதில் தன் நிழலையே விலையாகக் கொடுத்து மணல் ஆற்றைத் தாண்டினாள். மீரான் சாகிபுவின் மகள் அஜீஸாதான் அச்சுப்பிழை பார்ப்பவள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். பிழையை மறந்து கதைக்குள் போய்விடுவாள். மறுபடி முதல் வரியிலிருந்து பார்க்க வேண்டிவரும்.

1967இல் மூன்றாவது புத்தகத்தின் கையெழுத்துப் பிரதி வந்தது. கடைசி அத்தியாயத்தைப் படித்ததும் மீரான் சாகிபு டீச்சரை வரச் சொன்னார்.

"டீச்சர், கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா அரக்கனை ஒரு பொம்பளப்புள்ளயே முடிச்சுட்டா எப்படி? மதுரைக் கடைக்காரங்க இளவரசன் கேக்குறாக. கடைசியில அவன் வந்து வாளை வீசட்டுமே."

பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்திருந்த யூஜினியாவின் சேலையில் சாக்பீஸ் தூள் ஒட்டியிருந்தது. வயது இருபத்தைந்துதான்.

"ரெண்டு புத்தகமா நடந்தே வந்தவ அவ. குதிரையில வாரவனுக்கு இப்ப ஒதுங்கி நிக்கணுமா? மாத்த மாட்டேன் பாய். வேணாம்னா குடுத்துருங்க."

கையை நீட்டினாள். மீரான் சாகிபு தாள்களைக் கட்டத் தொடங்கினார். அத்தாவின் தொழில் பேச்சில் அஜீஸா அதுவரை வாய் திறந்ததில்லை. டீச்சரின் கையைப் பார்த்தாள். நீட்டியபடியே இருந்தது.

"அத்தா, கட்டாதீக."

"நீ உள்ள போ."

"போறேன். ஒரு பக்கம் மட்டும் கேளுங்க."

பதிலுக்குக் காத்திராமல் தாளை எடுத்துப் படித்தாள். குகைக்குள் அரக்கனின் மூச்சுப் பட்டு முகிலியின் பந்தம் அணைகிறது. அவன் வயிற்றுக்குள் மேகங்கள் முனகுவது கேட்கிறது. ஆடுகளை அழைக்கும் அதே குரலில், ஒவ்வொரு மேகத்தையும் தொண்டை கிழியக் கூப்பிடுகிறாள். அரக்கனின் வயிறு புரள்கிறது. வாயைப் பிளந்துகொண்டு மேகங்கள் வெளியே வருகின்றன.

அஜீஸா நிமிர்ந்தாள். "இதுக்குள்ள இளவரசன் எங்குட்டு வருவான் அத்தா? அவனுக்கு ஆடு கூப்பிடத் தெரியுமா?"

மீரான் சாகிபுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டிய நூலை அவிழ்த்தார். "சரி, எழுதினபடியே போகட்டும்."

மதுரைக் கடைக்காரர்கள் பாதிப் பிரதிகளைத்தான் எடுத்தார்கள். மீதியை டீச்சரோடு குன்றக்குடித் தைப்பூசத்துக்கு எடுத்துப்போய் ஒரு பலகை போட்டுப் பரப்பினாள் அஜீஸா. தாவணி போட்ட பெண்ணொருத்தி புத்தகத்தை எடுத்து நின்றவாக்கிலேயே படிக்க ஆரம்பித்தாள். அம்மா இழுத்தும் நகரவில்லை. கடைசியில் நிமிர்ந்து, "அக்கா, இதை யாரு எழுதுனாக?" என்றாள்.

"அந்தா, அங்குட்டு நிக்கிறாகளே," என்று விரலை நீட்டினாள் அஜீஸா. "எங்க டீச்சர்."