சங்கு ஊதினால் இருட்டும் மலை

“எங்க ஃபேக்டரிச் சங்கு ஒரு தடவ ஊதினா, நமுனுகுல மலைக்கே கரண்டு போயிரும் மொதலாளி. பதுளையில சேவல்கூடக் கூவாது!”

தேயிலைக் கொழுந்து ஏற்றும் லிஃப்டை ஓட்டியபடி தம்பையா இப்படி அளந்தார். பக்கத்தில் நின்ற இத்ரூஸ் முதலாளி கடகடவென்று சிரித்தார். பகலில் கரண்டைச் சேர்த்து இரவில் கொடுக்கும் பேட்டரிகளை தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கெல்லாம் விற்றவர் அவர். கடைசிப் பேட்டரியை ஃபேக்டரி மாடியில் வைத்தாயிற்று. இனி பதுளைக்குப் பறக்க வேண்டும். இன்று காலையிலேயே மகள் நஸ்லியாவின் நிக்காஹ். வாப்பா இல்லாமல் யார் கைபிடித்துக் கொடுப்பது?

“தம்பையாண்ணே, பொய்யையும் கொஞ்சம் சலிச்சு விடுங்க.”

காலையில் ஆட்களை வேலைக்குக் கூட்டும் பெரட்டுக்குச் சங்கு ஊதியது. விளக்கு அணைந்தது. லிஃப்ட் இரண்டு மாடிக்கும் நடுவே நின்றது.

கரண்டு வந்தது, லிஃப்ட் ஒரு சாண் இறங்கியது. போனது. மறுபடி வந்தது, இன்னொரு சாண். போனது. இத்ரூஸ் கம்பிக் கதவை உலுக்கினார். எதிரே வெறும் சுவர். நாலு பக்கமும் நெருங்கி வந்து தன் மூக்கை முகர்ந்து பார்ப்பதுபோல் இருந்தது அவருக்கு. புதுச் சட்டையைப் பிழிந்திருந்தால் ஒரு வாளி வியர்வை தேறும்.

தம்பையா மகள் துஷாந்தினிக்கு ஃபோன் போட்டார். இன்ஜினியர் அவள். நாளைக்கு இந்த மலையில் மின்சாரம் எப்படி ஓடும் என்று, எல்லா வீட்டையும் கம்ப்யூட்டருக்குள் குடிவைத்து ஓட்டிப் பார்த்தவள். அங்கே ஒரு விளக்குகூட அணைந்ததில்லை.

“அப்பா, பேட்டரி சார்ஜ் ஏற எந்த நேரம் வச்சீங்க?”

“பெரட்டு நேரம்.”

“பக்கத்து வீட்ல?”

“பெரட்டு நேரந்தான். லயத்துல வேற என்னம்மா நேரம் இருக்கு?”

“ஐயோ! வீட்டுக்கு வீடு வேற நேரம் வைப்பாங்கன்னுல்ல எழுதினேன். லயத்துல பொறந்தவ, நானே மறந்துட்டேனே!” அவள் கம்ப்யூட்டரில் தட்டும் சத்தம் கேட்டது. “ஒரே நேரமா மாத்திட்டேன். இப்ப இந்தக் கம்ப்யூட்டர்லயும் கரண்டு விழுது. எல்லாப் பேட்டரியும் ஒண்ணா இழுக்குது, லைன் சாயுது. கரண்டு திரும்பினா மறுபடி ஒண்ணா இழுக்குது.”

“மக, இங்க கல்யாணமே சாயுது!” என்று அலறினார் இத்ரூஸ்.

நல்லவேளை, தோட்டமே பெரட்டுக் களத்தில் நின்றது. துஷாந்தினி கங்காணியைக் கூப்பிட்டு, லயம் லயமாகப் போய்ப் பேட்டரியை நிறுத்தச் சொன்னாள். கரண்டு நிலைத்தது. லிஃப்ட் முனகிக்கொண்டே கீழே வந்தது.

பதுளையில் மாப்பிள்ளை வீட்டார் முகத்தைக் கூரை உயரத்துக்குத் தூக்கி வைத்திருந்தார்கள். இத்ரூஸ் நடந்ததைச் சொன்னார். சபையே சிரித்தது.

“சங்கு ஊதினா கரண்டு போகுமா முதலாளி?”

“போகும்,” என்றார் இத்ரூஸ். “நானும் நம்பல்ல. அல்லாஹ் மேல ஆணையா, சங்கு ஊதிச்சு, மலைக்கே கரண்டு போச்சு. நான் உள்ள நின்டேன்.”