மரத்துப்போன ஆள்காட்டி விரல்

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது என் வேலை. விடிந்ததும் ஜீவனஹள்ளியில் ஸ்கூட்டரைக் கிளப்பினால், ஒன்பதுக்குள் பத்து வீட்டை முடித்து, ட்யூப்களை சிவாஜிநகர் லேபில் கொடுத்துவிடுவேன். ஊசி பிடிப்பது வலது கைதான். ஆனால் ரத்தக்குழாயைக் கண்டுபிடிப்பது இடது ஆள்காட்டி விரல். கண்ணுக்குத் தெரியாத குழாயும் அதற்குத் தெரியும். சிந்து வந்தால் ஒரே குத்துதான் என்று பேர் எடுத்திருந்தேன்.

ஜனவரியில் அந்த விரல் மரத்துப்போனது. முதலில் கழுத்தும் மேல்முதுகும்தான் வலித்தன. தைலம் தேய்த்துவிட்டு அலட்சியமாக இருந்தேன். பிறகு வலி தோளிலிருந்து கைக்குச் சுரீரென்று இறங்கி, விரல்களில் எறும்பு ஊர ஆரம்பித்தது.

அந்த மாதம்தான் மௌரீன் டீச்சருக்கு ஒரே நாளில் இரண்டு முறை தப்பாகக் குத்தினேன். காக்ஸ் டவுனில் தனியாக இருப்பவர், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். இரண்டு வருடமாகப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி ஏற்றி, குழாயெல்லாம் சுருங்கிவிட்டது. என்னைத் தவிர யாரையும் கையைத் தொட விடமாட்டார். அன்று வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். விரலுக்கு உணர்வு திரும்பாவிட்டால் டீச்சரை இன்னொருவர் கையில் விட வேண்டும். என்னால் அது முடியாது.

லேப்காரிக்கு என்ன வந்தாலும் பதில் ரத்தத்தில்தானே இருக்க வேண்டும்? சர்க்கரை, தைராய்டு, பி-ட்வெல்வ் என்று ஒன்று விடாமல் பார்த்தேன். எல்லாம் சுத்தமாக நார்மல். எரிச்சலாக வந்தது. கடைசியில் பிசியோதெரபிஸ்ட் சுதீரிடம் போனேன். முதலில் கழுத்து வலித்தது, பிறகு கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மட்டும் மரத்துப்போனது என்றதும், கோளாறு கையில் இல்லை, கழுத்தில் என்றார். அங்கே ஏதோ நரம்பை நசுக்குகிறதாம். எப்படி வேலைக்குப் போவேன் என்று நடித்துக் காட்டச் சொன்னார். சாம்பிள் பையை இடது தோளில் மாட்டினேன். ஐஸ் பாக்கெட்டோடு ஆறு கிலோ. தோள் தானாக மேலே ஏறிக்கொண்டது.

"ஸ்கூட்டர்ல கால் வைக்கிற எடத்துல வைக்கலாமே?" என்றார்.

எப்படி வைப்பது? பெங்களூர் ரோட்டில் ஹம்ப்புக்கும் பள்ளத்துக்கும் குலுங்கினால் ரத்த அணு உடைந்து, மஞ்சளாக இருக்க வேண்டிய நீர் சிவந்துவிடும். லேபில் தூக்கிப் போடுவார்கள். மறுபடி போய்க் குத்த வேண்டும். அதனால் ஒவ்வொரு ஹம்ப்பிலும் நான் தோளைத் தூக்கி, குலுக்கலை நானே வாங்கிக்கொள்வேன். ஆறு வருடமாக.

யார் சொன்னது என்று கேட்டார். யோசித்தேன். யாருமே சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த வாரம் ஒரு ட்யூப் சிவந்துபோனது. அன்று பை கீழே இருந்தது. அவ்வளவுதான், நானே முடிவு கட்டிவிட்டேன்.

சரி, பார்த்துவிடலாம் என்று தோன்றியது. மறுநாள், கூட வேலை செய்யும் முனியப்பனை என் கையிலிருந்தே இரண்டு ட்யூப் எடுக்கச் சொன்னேன். ஒன்று தோளில், ஒன்று காலடியில். சிவாஜிநகர் வரை ஒரு பள்ளத்தையும் விடாமல் ஏற்றி இறக்கினேன். லேபில் ரத்தத்தைப் பிரிக்கும் மெஷினில் சுற்றவிட்டுப் பார்த்தால் இரண்டிலும் ஒரே தெளிந்த மஞ்சள்.

முனியப்பன் தன் பையை எப்போதும் காலடியில்தான் வைப்பானாம்.

"நீங்க ஸ்டைலுக்கு மாட்டிக்கிறீங்கன்னு நெனச்சேன்க்கா," என்றான்.

சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அன்றோடு பை கீழே இறங்கியது.

சுதீர் சொன்ன பயிற்சிகளைச் செய்து, மூன்று வாரத்தில் கழுத்து வலி போனது. கட்டைவிரலும் நடுவிரலும் சரியாகின. ஆள்காட்டிக்கு மட்டும் உணர்வு பாதிதான் திரும்பியது. நரம்பு நிதானமாகத்தான் ஆறுமாம். அதற்குள் டீச்சருக்கு அடுத்த மருந்து ஏற்றும் நாள் வந்துவிட்டது. அதற்கு முன் ரத்தம் எடுத்தே ஆக வேண்டும். போய் உட்கார்ந்து உள்ளதைச் சொன்னேன். விரலில் உணர்வு பாதிதான் இருக்கிறது, முனியப்பனை அனுப்புகிறேன் என்றேன்.

டீச்சர் என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருந்தால் தன் பத்து விரலும் ஒரு வருடமாக அப்படித்தான் இருக்கிறது, காபி டம்ளர் சுடுவதுகூடத் தெரியவில்லை என்றார். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடமாக அந்தக் கையைப் பிடிக்கிறேன், ஒரு நாளும் கேட்டதில்லை.

என் விரலைப் பிடித்து, தன் முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே வைத்து அழுத்தினார்.

"எப்பவும் நீ தொட்டுப் பாக்கிற எடம் இதுதான். என் விரலுக்குத்தான் தெரியாது, இந்த எடத்துக்கு நல்லாத் தெரியும். குத்தும்மா."

குத்தினேன். ட்யூபில் ரத்தம் ஏறியது. என் கண் கலங்கிவிட்டது. ஊசியை எடுத்து, பஞ்சை வைத்துக் கையை மடக்கிவிட்டேன். பிறகு அவருடைய கட்டைவிரல் நுனியைத் தொட்டு, தெரிகிறதா டீச்சர் என்று கேட்டேன். இல்லை என்றார். அடுத்த விரலைத் தொட்டேன்.