மாதுளையில் ஒரு நீல முத்து

பரோன் ஒன்னிக்கின் வீட்டில் பதினோரு கம்பளங்கள் இருந்தன. மிதிக்க ஒன்றுகூட இல்லை. பட்டும் தங்க ஜரிகையுமாக எல்லாம் சுவரில் தொங்கின. விருந்தாளிகள் வெறுந்தரையில் கால் கடுக்க நின்று அண்ணாந்து பார்த்தார்கள். பிளாஸ்டிக் வாளி விற்றுப் பணம் பார்த்த மனிதர், இஸ்தான்புல் ஆர்மீனியர்களின் கலைக்காவலர் ஆனது இப்படித்தான். 'பரோன்' ஒன்றும் பட்டமல்ல; ஆர்மீனியர் பேச்சில் ஆண் என்றால் பரோன், பெண் என்றால் திகின், நம் ஐயா, அம்மா போல.

ஈஸ்டருக்கு மூன்று வாரம் இருக்கையில் அதில் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு, கும்காப்பிப் பகுதியில் கம்பளம் செப்பனிடும் ஷுஷானின் மாடிக்கு ஏறி வந்தார். பண்டிகை முடிந்ததும் கண்காட்சி. அதற்கொரு புத்தகம் வேறு. கம்பளத்தின் உச்சியில், அந்தக் காலத்தில் தறிப்பட்டறை நடத்திய ஆசான் மிஹ்ரானின் பெயர் ஜரிகையில் மின்னியது. கீழே, ஓரத்தில் நெய்திருந்த மாதுளையில், சிவப்பு முத்துகளுக்கு நடுவே ஒன்று மட்டும் நீலம்.

"எவளோ தூங்கி வழிஞ்சிருக்கா, திகின். அதைப் பிடுங்கிட்டுச் சிவப்பு வெச்சிருங்க. ஆசான் கையில தப்பு வராது."

ஷுஷானுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை எரிந்தது. அந்த 'எவளோ' அவளுடைய அம்மா யெரானுகி. பதிமூன்று வயதில் தறியில் உட்கார்ந்து, மூன்று வருஷம் முடிச்சுப் போட்டு, பெயர் போட உரிமை இல்லாததால் ஒரு நீல முத்தை வைத்துவிட்டு எழுந்தவள். தறிப் பெண்கள் ஒவ்வொருத்திக்கும் அப்படி ஓர் அடையாளம் உண்டு. ஒருத்தி தன் மயிலுக்கு ஒரு கண்ணை வைக்காமலே விடுவாளாம். ஆசான் படம் வரைவார், சாயம் பார்ப்பார், கத்துவார். தறிக்கும் உட்காரும் பலகைக்கும் நடுவில் அவர் தொப்பை நுழையாது என்பாள் அம்மா.

இதையெல்லாம் ஷுஷான் சொன்னாள். ஒன்னிக் சிரித்தார்.

"வேலைக்காரிங்க வம்பெல்லாம் புத்தகத்துல ஏறுமா? முடியாதுன்னா சொல்லுங்க, ஊர்ல வேற ஊசியா இல்ல?"

வேறு ஊசி என்றால் அரை மணி நேரத்தில் அம்மாவின் அடையாளம் போய்விடும். ஷுஷான் கோபத்தை விழுங்கினாள். உண்மையை வாசலிலேயே நிறுத்தும் வீட்டில் பொய் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போகும்.

"அப்படியா, பரோன்? நீல முத்து ஆசானோட ரகசிய முத்திரைன்னும் ஒரு பேச்சு உண்டு. அது இல்லாததெல்லாம் போலியாம். எடுத்துடட்டுமா?"

ஒன்னிக் கம்பளத்தை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார்.

கண்காட்சியில் தந்தப்பிடி போட்ட கைத்தடியால் நீல முத்தைத் தொட்டுக்காட்டி, "ஆசானின் ஆன்மா, இது இல்லாததெல்லாம் போலி" என்றார். புத்தகமும் 'ஒவ்வொரு முடிச்சும் ஆசான் தம் கையால் இட்டது' என்றது. பாதிரியார்கூடக் குனிந்து பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூலையில் நின்ற ஷுஷான் கையிலிருந்த ஈஸ்டர் ரொட்டியைத் தட்டிலேயே திருப்பி வைத்தாள். முத்து பிழைத்தது, அதை வைத்தவளை நாமே கொன்றுவிட்டோம் என்றிருந்தது அவளுக்கு.

திங்கட்கிழமை காலை அவள் படிக்கட்டில் நாலு கலைக்காவலர்கள், கக்கத்தில் ஆசான் பெயர் போட்ட கம்பளத்துடன். ஆளுக்கொரு நீல முத்து வேண்டுமாம், வெளியே தெரியாமல். அவர்களை இடித்துக்கொண்டு ஒன்னிக் மூச்சிரைக்க ஏறி வந்து கதவைச் சாத்தினார்.

"எல்லார்கிட்டயும் இருந்தா என்னோடதுக்கு என்ன மரியாதை, திகின்? வெச்சுடாதீங்க."

"வைக்கல. நாலு பேரையும் வந்த வழியே அனுப்பிடறேன். புத்தகத்துல அந்த வரியை அடிச்சுட்டு 'நெய்தவள் யெரானுகி'ன்னு போடுங்க."

"அச்சாயிடுச்சே! முந்நூறு பிரதி!"

"பேனா இருக்கில்ல?"

வெளியே யாரோ இருமினார். ஒன்னிக் கதவைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார். டிரைவரை அனுப்பிப் பெட்டிகளைக் கொண்டுவரச் சொன்னார்.

ஷுஷானின் வேலைப்பலகைக்கும் சுவருக்கும் நடுவில் அவர் தொப்பையும் நுழையவில்லை; ஒருக்களித்து உட்கார்ந்து எழுதினார். நாற்பதாவது பிரதியில் விரலை உதறிக்கொண்டு, வெறும் முதலெழுத்து போதாதா என்று கேட்டார்.

"எங்கம்மா மூணு வருஷம் உட்கார்ந்தா, பரோன்," என்று அடுத்த புத்தகத்தை விரித்து வைத்தாள். "முழுப் பேரா எழுதுங்க."