சிவப்பு இழை இல்லாத புத்தகம்

ஆரணியில் வீரபாகு ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லக் கேட்டவர்கள், பிறகு அதே புத்தகத்தை வாங்கிப் படித்தால் ஏமாந்துதான் போவார்கள். அவர் சொன்ன யானை அதில் இருக்காது. ரயில் கவிழ்ந்திருக்காது. விஷம் குடித்துச் செத்ததாக எழுதியிருக்கும் மிராசுதார், தலையில் பலாப்பழம் விழுந்து செத்திருந்தால்தான் பொருத்தம் என்று படிப்பவருக்கே தோன்றிவிடும். சேத்துப்பட்டிலிருந்து ஒரு வாத்தியார் பஸ் ஏறி வந்து, "நீங்க சொன்ன பதிப்பு எங்க சார் கிடைக்கும்?" என்று கேட்டார். வீரபாகு முகத்தில் ஒரு சுருக்கமும் மாறவில்லை. "அது தீந்துபோச்சு சார்," என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவைத்தார்.

வீட்டில் இரண்டு பட்டுத் தறிகள். எந்தப் புடவைக்கு எந்தக் கரை என்பதெல்லாம் மனைவி அபிதகுசாம்பாளின் ராஜ்யம். மகன் சதீஷ் முன்னறையில் போனை ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டு, புடவைகளை வீடியோவில் விற்கிறான். வீரபாகுவும் தறியில் உட்கார்ந்தவர்தான். முட்டி இரண்டும் ஒரே நாளில் ராஜினாமா செய்துவிட்டதாக அவர் சொல்லுவார். அதிலிருந்து படிப்புதான். புதிதாக வரும் புத்தகங்கள் பார்சலில் வந்து இறங்கும். பிரித்தவுடன் மோந்து பார்ப்பார். பிறகு தீர்ப்பு.

"இப்ப வர்ற துப்பறியும் கதையில துப்பறியறவனுக்கு மூளை வேணாம், சார்ஜர் இருந்தா போதும்," என்பார். "நாவல்னா மூணு தலைமுறை. மொதல் தலைமுறை சம்பாரிக்குது, ரெண்டாவது அழிக்குது, மூணாவது ஜன்னலாண்ட நின்னுகினு யோசிக்குது. ஆராய்ச்சின்னு வர்ற புஸ்தகத்தைத்தான் உஷாரா படிக்கணும். வௌவாலைப் பத்தி எழுத வந்த மனுஷன் முன்னுரையிலயே அழுதுடறாரு."

இதையெல்லாம் அவர் சொல்வது பாவு பிணைக்கும் நாளில். தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் கட்டிய நூல் வரிசை, தீர்ந்ததும் அதன் நுனிகளை அப்படியே விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அந்த நுனிகளோடு முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். இழை வழுக்காமலிருக்க விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு பெண்கள் உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை அதே வேலைதான். கையும் கண்ணும் பட்டுக்குச் சொந்தம், காது மட்டும் சும்மா கிடக்கும். அந்தக் காதுகள் வீரபாகுவுக்கு. கடைசி இழை சேரும் வரை கதை நீள வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். ஒருமுறை அவர் ஒரு கொலைக் கதையின் முடிவைச் சொன்னபோது தெருவிலிருந்த பவர்லூம் அத்தனையும் தானாக நின்றுபோயின. மின்வெட்டு என்று மின்வாரியம் சொல்லிக்கொண்டது. அது அவர்களுடைய அடக்கம்.

இவ்வளவு புளுகிலும் அவரிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. படிக்கும்போதே, இந்த இடத்தில் ஆசிரியரை இறக்கிவிட்டு நாம் வண்டியை ஓட்டலாம் என்று முடிவு செய்துவிடுவார். அந்தப் பக்கத்தில் தறியடியில் கிடக்கும் சிவப்புப் பட்டு இழை ஒன்றை எடுத்து வைப்பார். இழை வரைக்கும் எழுதியவருடைய சொத்து, அதற்கப்பால் வீரபாகுவுடையது. எல்லைக்கல் மாதிரி. "பொய்க்கு ஒரு கொடி வேற," என்று அபிதகுசாம்பாள் தலையில் அடித்துக்கொள்வாள்.

அன்று கடுகு மஞ்சள் பாவு. தறியின் இந்தப் பக்கம் ஹேமலதா, அந்தப் பக்கம் சுபத்ரா. இரண்டு பேரும் பக்கத்துத் தெரு, கூலிக்குப் பாவு பிணைப்பவர்கள். புதிதாக வந்த துப்பறியும் நாவல் ஒன்றைக் காலையிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தார் வீரபாகு. மலைமேல் ஒரு லாட்ஜ், மழை, வெளியே போக வழியில்லை, உள்ளே பிணம். மதியச் சாப்பாடு முடிந்து, இழைகளும் குறைந்துகொண்டே வந்தன. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"கொன்னது வேற யாரும் இல்ல. அந்த போட்டோகிராபர்தான். கேமரா வாரை வெச்சே கழுத்தை நெரிச்சுட்டான்."

ஹேமலதாவின் விரல் நின்றது. "இன்னா பெரியப்பா! போட்டோகிராபரைத்தான் காலைலயே பள்ளத்துல தள்ளி விட்டீங்களே. பாவம்னு நான் ரெண்டு வாய் சோறு கம்மியா துன்னேன்."

"பெரியப்பா கதையில செத்தவனுக்குக்கூட லீவு கெடையாதுடி," என்றாள் சுபத்ரா.

வீரபாகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பள்ளத்துல விழுந்தது அவன் தம்பி. ரெட்டைப் பசங்க. கடைசியில சொல்லலாம்னு வெச்சிருந்தேன், அதுக்குள்ள பூந்துட்டே. அவசரக்குடுக்கை."

"அய்யய்யே, ரெட்டையா!" என்று இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து இழையைக் கோட்டை விட்டார்கள். அபிதகுசாம்பாள் உள்ளேயிருந்து, "பாவைப் பாருங்கடி," என்று குரல் கொடுத்தாள்.

வீரபாகு வெளியே சிரிக்காமல்தான் இருந்தார், எப்போதும் போல. ஆனால் இரட்டையைப் பற்றி அவர் யோசித்து வைத்திருக்கவே இல்லை. போட்டோகிராபரைப் பள்ளத்தில் தள்ளியதும் நினைவில் இல்லை. புத்தகத்தில் உள்ளதைச் சொல்வதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

கடைசி இழை சேர்ந்து, பெண்கள் கை கழுவிக்கொண்டு போனதும், உள்ளறை அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தார். சிவப்பு இழை எங்கே? பக்கம் பக்கமாகத் தள்ளினார். தலைகீழாகப் பிடித்து உதறினார். பல்லி முட்டை ஓடு ஒன்று விழுந்தது. இழை இல்லை.

கட்டிலில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைப் படித்தார். போட்டோகிராபர் ஆரம்பத்திலேயே செத்தவன், செத்தவனாகவே ஒழுங்காகக் கிடந்தான். கொன்றது லாட்ஜ்காரியின் அக்கா. பிரமாதமான முடிவு, எதிர்பார்க்கவே இல்லையே என்று அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, இதைப் போன வாரம் அவரே முழுக்கப் படித்து முடித்து, சதீஷிடம் பாதி நாள் புகழ்ந்துவிட்டு அலமாரியில் வைத்தார் என்பது.

அதற்கு முன்னால் வந்த தடிமனான நாவலை எடுத்தார். உப்பளக் குடும்பம் ஒன்றின் கதை. அதில் ரங்கூனுக்குக் கப்பலேறிப் போன மூத்த மகளைச் சொல்லி, சுபத்ராவை மூக்கைச் சிந்த வைத்தவர் அவர். தேடினார். அந்தக் குடும்பத்தில் பெண்ணே இல்லை, இரண்டும் பையன்கள். சிவப்பு இழையும் இல்லை. அப்படியானால் அந்தப் பெண் எங்கிருந்து வந்தாள்? எழுதியவர் பெறவில்லை. இவரும் தெரிந்து பெறவில்லை. யாரும் பெறாத ஒருத்தி கப்பலில் போய்க்கொண்டிருக்கிறாள்.

வீரபாகு பொய்க்குப் பயந்தவர் இல்லை. பொய் எது என்று தெரியாமல் போவதற்குப் பயந்தார்.

அபிதகுசாம்பாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றார்.

"அபிதா, எனக்கு ஞாபகம் தப்பிப் போவுது."

"போன வாரம் மூளையில சிலந்தி கூடு கட்டிகினு இருக்குதுன்னீங்க. அது காலி பண்ணிட்டுப் பூட்டுதா?"

"இது நெசம்."

"அதுவும் நெசம்னுதான் சொன்னீங்க. சிலந்திக்குப் பேர்கூட வெச்சீங்க."

சதீஷிடம் போனார். அவன் ஒரு புடவையைக் கேமரா முன்னால் விரித்துப் பிடித்திருந்தான். "நைனா, ஜல்தியா சொல்லு, லைவ்ல இருக்கேன்," என்றவன், கேட்டுவிட்டுச் சிரித்தான். "எனக்கு மூணு கிட்னின்னு சொல்லி வேலூருக்குக் கூட்டிகினு போய் ஸ்கேன் எடுக்க வெச்சது யாரு? எத்தினி பேஜார் பண்ணே? போ நைனா." வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்புப் பொம்மையாக அனுப்பித் தள்ளினார்கள்.

தனியாகவே ஒரு டாக்டரிடம் போனார். "காலையில் என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார் டாக்டர். வீரபாகு தேடிப் பார்த்தார். உள்ளே ஒன்றும் கிடைக்கவில்லை. தெரியாது என்று சொல்ல நாக்கு கூசியது. வாழ்நாளில் சொல்லிப் பழகாத வார்த்தை அது. அதனால், தெள்ளாரிலிருந்து ஒரு தோசை வந்ததாகவும், அதைப் பாயாகச் சுருட்டி பஸ் கூரையில் கட்டிக் கொண்டுவந்ததாகவும், கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்ததாகவும் சொன்னார். டாக்டர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். இவ்வளவு கற்பனை உள்ளவருக்கு மூளையில் என்ன குறை என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மாத்திரையோடு கமண்டல நாகநதிப் பாலத்தில் நடந்து வரும்போது அவருக்கு ஒன்று புரிந்தது. ஊரில் வேறு எவனுக்கு மறதி வந்தாலும் வீட்டில் உள்ளவர்கள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அவருக்கு வந்தால் கைதட்டுவார்கள். முழுக்க மறந்துபோய் மனைவியை யார் என்று கேட்கும் நாளிலும், "பாருடா கிழவன் குசும்பை," என்பார்கள். அதுவரைக்கும் இந்தப் பயத்தோடு அவர் ஒண்டியாகவே இருந்தாக வேண்டும்.

ஒரே வழிதான் இருந்தது. ஒரு புத்தகத்தை, ஒரு சொல்லும் கூட்டாமல், உள்ளது உள்ளபடி சொல்லிக் காட்டுவது. முடிந்தால் பயம் வீண். முடியாவிட்டால், ஓர் ஆளுக்காவது தெரிந்துவிடும்.

"அடுத்த பாவு அன்னைக்கி நீயும் வந்து உக்காரு," என்றார் அபிதகுசாம்பாளிடம். "அந்த வௌவால் ஆராய்ச்சி புஸ்தகத்தைக் கையில வெச்சிக்கோ. நான் சொல்றதும் அதுல இருக்கறதும் ஒண்ணான்னு பாரு."

"எனக்கு வேற வேலையில்ல, வௌவாலைப் பாத்துகினு உக்காந்திருக்கப் போறேன்," என்று ஆரம்பித்தவள், அவர் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். காபி ஆடை கட்டியிருந்தது. ஆறிய காபியைப் பற்றி வழக்கமாக ஏதாவது புளுகுவார். இன்று ஒன்றும் சொல்லவில்லை. "சரி, வரேன்," என்றாள்.

இரண்டாவது தறிக்குக் கருநீலப் பாவு வந்தது. வீரபாகு அன்று விடிந்ததும் எழுந்து வௌவால் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். வாய்விட்டும் படித்தார். ஹேமலதாவும் சுபத்ராவும் சாம்பல் கிண்ணத்தோடு உட்கார்ந்தார்கள். அபிதகுசாம்பாள் சுவரோரம் மணை போட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தை விரித்தாள்.

"பெரியம்மா எதுக்கு? பரீட்சையா?" என்றாள் ஹேமலதா.

"ஆமாம், உங்க பெரியப்பாவுக்குப் பரீட்சை. நீ இழையைப் பாரு."

வீரபாகு தொண்டையைச் செருமினார். ஆராய்ச்சியாளர் ஒருவர் வௌவால்களைப் பார்க்கப் போகிறார். சாயங்காலம். மலையடியில் ஒரு குகை. வாயில் குறுகல், தவழ்ந்துதான் போக வேண்டும். உள்ளே மூச்சடைக்கும் நெடி. டார்ச்சைச் சிவப்புக் காகிதத்தால் மூடியிருக்கிறார், வெள்ளை வெளிச்சம் அவற்றுக்கு ஆகாது. மேலே பார்க்கிறார். கூரையே மூச்சுவிடுகிறது.

அபிதகுசாம்பாள் தலையை ஆட்டி ஒரு பக்கம் திருப்பினாள். வீரபாகுவுக்கு நெஞ்சு லேசாயிற்று.

"பெரியப்பா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள் சுபத்ரா. "ஒண்ணுமே நடக்க மாட்டேங்குதே."

"நடந்தாத்தான் சொல்லுவேன். இது ஆராய்ச்சி." அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சொற்கள் தாமாக வந்தன, படித்த வரிசையில், படித்தபடியே. குகைக்குள் தண்ணீர் சொட்டுகிறது. அவர் முட்டி போட்டு உட்காருகிறார். கூரையில் ஒரு குட்டி தாயைக் கட்டிக்கொண்டிருக்கிறது. நகரக்கூடாது, இருமக்கூடாது. பின்னால் ஒரு வெளிச்சம். திரும்பிப் பார்க்கிறார். கழுத்தில் கேமராவோடு ஒருத்தன் தவழ்ந்து வருகிறான். சட்டையெல்லாம் சேறு, பள்ளத்திலிருந்து ஏறி வந்தவன் மாதிரி...

"அய்யோ, போட்டோகிராபர்!" என்று கத்தினாள் ஹேமலதா. சாம்பல் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மறுபடியும் எழுந்து வந்துட்டான்டி!"

"லாட்ஜை விட்டு எப்படிடி வந்தான்? மழை நின்னுபோச்சா?" சுபத்ராவுக்குச் சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இதான் பெரியப்பா. இத்தினி நேரம் சும்மா ஆழம் பாத்துகினு இருந்திருக்காரு."

"சிரிக்காதீங்க," என்றார் வீரபாகு. "எழுதியிருக்கறதைத்தான் சொல்றேன். சத்தியமா."

சத்தியத்துக்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு அபிதா. இருக்கான் இல்ல?"

அபிதகுசாம்பாள் சிரிக்கவில்லை. திருப்பிய அந்த ஒரு பக்கத்திலேயே அவள் விரல் நின்றிருந்தது. அதற்குப் பிறகு எந்தப் பக்கமும் திரும்பவில்லை. அவள் புத்தகத்தைப் பார்க்கவுமில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளாக அவர் சொன்ன பொய் அத்தனைக்கும் அந்த முகத்தில் அவளுக்கு மட்டும் தெரிகிற ஒரு கள்ளம் மின்னும். அதைத் தேடுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. கிடைக்கவில்லை என்பதும் தெரிந்தது.

அவள் குனிந்து, தறியடியில் கிடந்த துணுக்குகளிலிருந்து ஒரு சிவப்பு இழையை எடுத்தாள். விரல் இருந்த இடத்தில் வைத்துப் புத்தகத்தை மூடினாள். இழையின் நுனி முன்னட்டைக்கு ரொம்பப் பக்கத்தில் தெரிந்தது.

வீரபாகு அதைப் பார்த்தார்.

பெண்கள் தறியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள், தோள்கள் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தன. அபிதகுசாம்பாள் மணையை இழுத்து அவர் நாற்காலியை ஒட்டிப் போட்டுக்கொண்டாள். மடியில் வெறுமனே கிடந்த அவர் கையைத் தன் முந்தானைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"புஸ்தகத்துல யாரு போறாங்க?" என்று அவர் தணிந்த குரலில் கேட்டார்.

"அந்த ஆராய்ச்சிக்காரர்தான். ஒண்டியா போறாரு."

"குகைக்குள்ள முழுக்க ஒண்டியாவா?"

"முழுக்க ஒண்டியாத்தான்."



"பெரியப்பா, அப்புறம்?" என்றாள் ஹேமலதா திரும்பாமல். "பாவு பாதிகூட ஆவலியே."

அபிதகுசாம்பாள் அவர் கையை அழுத்தினாள். "போட்டோகிராபரும் கூடப் போவட்டும்," என்றாள். "இன்னா இப்போ. சொல்லுங்க."