மூன்று புள்ளி இரண்டு புள்ளி நான்கு

"அந்த நம்பர வேற வேலைக்குக் குடுக்கக் கூடாதுங்க சார். வேலைய எடுத்துட்டா நம்பரு காலியா நிக்கணும்."

"எதுக்கும்மா காலியா நிக்கணும்? வேற ஒண்ண அதுல ஒக்கார வச்சா இன்னா கெட்டுப்போவுது?"

சொல்லிவிட்டு இளஞ்செழியன் மிளகாய் பஜ்ஜியின் காம்பைப் பல்லால் பிடுங்கி, மேசையில் கிடந்த ஒரு காகிதத்தின் ஓரத்தில் வைத்தார். கல்வராயன் மலைச் சாலை வேலையை எடுத்திருந்த ஒப்பந்த நிறுவனத்துக்குக் கள்ளக்குறிச்சியில் அவர்தான் மேலாளர். எதிரே நின்றிருந்த தனுஷா அந்த வேலையின் முழுப் பட்டியலையும் எழுதியவள். அவருடைய கீழுதட்டில் பஜ்ஜி மாவு ஒட்டியிருந்தது. பேசும்போதெல்லாம் அது அசைந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டியல் என்றால் வெறும் வரிசை இல்லை. மூன்று என்றால் சாலை. மூன்று புள்ளி இரண்டு என்றால் அந்தச் சாலையில் தண்ணீர் கடக்கும் இடங்கள். மூன்று புள்ளி இரண்டு புள்ளி நான்கு என்றால் அவற்றில் நான்காவது, மாவடிக்காட்டு ஓடையின் மேல் கட்ட வேண்டிய சிறுபாலம். எண்ணைச் சொன்னாலே அது யாருக்குக் கீழே, எந்தக் குடும்பத்தில் வருகிறது என்று தெரிந்துவிடும். ஒரு வேலையைக் கைவிட்டால் எதிரே 'கைவிடப்பட்டது' என்று எழுதி எண்ணை அப்படியே விட்டுவிட வேண்டும். பின்னால் யார் எடுத்துப் பார்த்தாலும் இங்கே ஒன்று இருந்தது, இப்போது இல்லை என்று அந்தக் காலியிடம் சொல்லும். படித்த விதிகளில் தனுஷாவுக்குப் பிடித்தது இது ஒன்றுதான். இல்லாமல் போனதற்கும் ஓர் இடம் வைத்திருக்கிற விதி.

இப்போது பாலம் வேண்டாமாம். அருவிக்கு வருகிற கூட்டம் நின்று படம் எடுத்துக்கொள்ள, இதயம் போல் வளைந்த இரும்புத் தோரணத்தோடு ஒரு மேடை வேண்டும் என்று மேலே கேட்டிருக்கிறார்கள். மேடை ஏற்கெனவே கட்டி, சிவப்புப் பெயிண்டும் அடித்தாயிற்று. அதற்குத்தான் மூன்று புள்ளி இரண்டு புள்ளி நான்கைக் கேட்கிறார்.

"அது தண்ணி போற எடத்துக்குக் கீழ வராதுங்க சார்."

"தலைப்ப மாத்து. சாலையோர அமைப்புகள்னு போடு. பாலமும் சாலையோரம், மேடையும் சாலையோரம்." பல்லிடுக்கில் நகத்தை விட்டு எதையோ எடுத்து, பார்த்து, மறுபடி வாயில் போட்டுக்கொண்டார். "நம்பரு இன்னா தாலியாம்மா, ஒருத்தனுக்குத்தான்னு கட்டிவைக்க?"

பக்கத்து மேசையில் சுபாஷ் சிரித்தான். சிரிப்பு நின்ற பிறகும் அவன் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

எத்தனையோ புது எண்கள் இருக்க இவருக்கு ஏன் இதே எண் வேண்டும் என்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பஜ்ஜிக் காம்பை அவர் தள்ளிவிட்டபோதுதான் கீழே இருந்த காகிதம் தெரிந்தது. எண்ணெய் ஊறி எழுத்துகள் மறுபக்கம் தெரிந்தன. மாவடிக்காட்டுச் சனங்கள் கலெக்டருக்குக் கொடுத்த மனு, பதில் கேட்டு இங்கே வந்திருந்தது. நடுவே, அவளுடைய கையெழுத்தில், அந்த எண்.

இரண்டு மாதத்துக்கு முன் அளவு பார்க்கக் கரியாலூர்ப் பக்கம் போனபோது சாலம்மாள் என்கிற பெண் அவளை ஓடைக்கரையில் மறித்து உட்கார வைத்தாள். மழை இறங்கினால் ஆம்புலன்ஸ் இக்கரையிலேயே நின்றுவிடும், மருமகள் தமிழ்ப்ரியாவுக்கு ஐப்பசியில் பிரசவ நாள் என்றாள். மனு எழுதத் தனுஷாதான் பேனாவை எடுத்தாள். பாலம் என்று மட்டும் எழுதினால் எந்தப் பாலம் என்று கேட்பார்கள், நம்பரைப் போட்டுவிட்டால் யாரும் ஏமாற்ற முடியாது என்று அவளே சொன்னாள். சாலம்மாள் அந்த எண்ணை நான்கு தரம் சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்தாள்.

கட்டி முடித்த மேடை அந்த எண்ணில் ஏறிவிட்டால், அந்த எண்ணில் வேலை முடிந்துவிட்டது. பதில் எழுதுகிறவர் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

"நீ போடலன்னா சுபாஷ் போடுவான். அவன் எல்லாத்தையும் கொழப்பி வச்சிட்டுப் போவான், அப்புறம் நீதான் ஒக்காந்து சீர் பண்ணணும்" என்றார் இளஞ்செழியன், தகப்பன் போலக் கனிந்து.

வேலை போய்விடும் என்று அவர் மிரட்டியிருந்தால்கூட அவள் எழுந்து போயிருக்கலாம். சுபாஷ் தன் பட்டியலில் கை வைப்பான் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. உட்கார்ந்தாள். தலைப்பை மாற்றினாள். பாலத்தை அழித்து மேடையை எழுதினாள். கீழே தொங்கிய எண்களைச் சரிபார்த்தாள். முடித்து நிமிர்ந்தபோது பட்டியல் ஓட்டை இல்லாமல், அழகாக இருந்தது. ஒரு கணம் அவளுக்கு அது பிடித்தது. அந்தக் கணத்தை நினைத்ததும் எழுந்தாள். குழாயடிக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். அவள் பஜ்ஜியைத் தொடவே இல்லை, ஆனாலும் விரல்களில் அந்த எண்ணெய் நாற்றம் இருந்தது.

கலெக்டர் ஆபீசில் மனு வாங்குவது திங்கட்கிழமைகளில். அடுத்து வந்த இரண்டிலும் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது திங்களன்று, மலைப்பக்கம் கறுத்துக்கிடந்த காலையில், போன் அடித்தது.

"கண்ணு, நான் சாலம்மா பேசறன். கலெக்டர் ஆபீசுல நிக்கிறன்." பின்னால் ஒலிபெருக்கியில் யார் பெயரையோ கூப்பிட்டார்கள். நேற்றும் இடுப்புத் தண்ணீரில் இறங்கித்தான் ஓடையைக் கடந்தார்களாம். மருமகளைக் கூட்டி வர முடியாமல் அக்கரையிலேயே விட்டு வந்திருக்கிறாள். மனுவுக்குப் பதில் கொடுத்தார்களாம், அதில் வேலை முடிந்துவிட்டது என்று இருக்கிறதாம்.

"நம்பரு தப்பா இருக்கும், பாருங்கன்னு சொன்னன். அந்த சாரு மூணு தபா பாத்துட்டாரு, நம்பரு சரியாத்தான் இருக்குதுங்கறாரு. நீதான எழுதிக் குடுத்த? ஒனக்குத் தெரியுமில்ல? ஆபீசு இங்கதான பக்கத்துல. ஒரு எட்டு வந்து, இந்த நம்பரு எங்க பாலத்துதுன்னு இவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ கண்ணு."

தனுஷாவின் எதிரே திரையில் பட்டியல் திறந்தே இருந்தது. போனில் சாலம்மாள் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு, வாயைக் கொஞ்சம் அப்பால் திருப்பி யாரிடமோ சொல்லும் குரல்:

"செத்த இருங்க சார். பேசிக்கினுதான் இருக்குது. இப்ப சொல்லும்."