சமையல் மேடைக்கு யார் முகடு?

எங்கள் வீட்டுச் சமையல் மேடை குட்டை. அம்மா நெட்டை. விஷயம் இவ்வளவுதான். இதற்குள் ஒரு கொத்தனாரும் அப்பாவின் அலுவலக மூளையும் என் எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடமும் புகுந்து குட்டையைக் குழப்பிவிட்டன.

அம்மாவுக்கு நூலகத்தில் வேலை. மேல் தட்டுப் புத்தகத்துக்கு ஏணி தேடாத ஒரே ஆள் அவள்தான். அங்கே அப்படி நிமிர்ந்து நிற்கிறவள், வீட்டுக்கு வந்து மேடை முன்னால் நின்றால் கேள்விக்குறி மாதிரி வளைந்துவிடுவாள். அடுப்பை அணைத்ததும் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு "அப்பாடா" என்று சுவரில் சாய்வாள். அந்த "அப்பாடா"வைக் கேட்டால் எனக்கு அழுகை வரும். எனக்கு அழுகை எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும்.

"மேடையை மாத்துங்க, இல்லேன்னா முதுகு அவ்வளவுதான்" என்று டாக்டர் கறாராகச் சொன்ன பிறகுதான் அப்பா கொத்தனாரை அழைத்து வந்தார். கொத்தனார் மேடையைச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார்.

"இடிச்சுக் கட்டிடலாம் சார். நிக்கிறவங்க முழங்கைக்குப் பத்து சென்டிமீட்டர் கீழ இருந்தா நோவாது. யாரு முழங்கைக்குன்னு மட்டும் சொல்லுங்க."

அம்மா முழங்கைக்கு என்று நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"எல்லாரும்தானே சமைக்கிறோம்? எல்லார் உயரத்தையும் எடுத்து சராசரி போட்டுடலாம். யாருக்கும் மனஸ்தாபம் வராது."

அப்பா இருப்பது காப்பீட்டு அலுவலகத்தில். எதையாவது கூட்டி வகுக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. "எல்லாரும்தானே சமைக்கிறோம்" என்று அவர் சொன்னபோது அம்மா அடுப்பைக் கொஞ்சம் குறைத்து வைத்தாள்.

அளவெடுக்க அத்தை வந்தாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா, எங்களோடுதான் இருக்கிறாள். துணி தைக்கிறவள் என்பதால் டேப் எந்நேரமும் கழுத்திலேயே கிடக்கும். எல்லாரையும் சுவரோரம் நிறுத்தி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்தாள். அம்மா நூற்றுப் பத்து. அப்பா தொண்ணூற்றைந்து. நான் தொண்ணூறு. அத்தை எண்பத்தெட்டு.

"பாப்பாவையும் அளங்க" என்றார் அப்பா.

"அப்பா, அவ தலை மேடைக்குக் கீழதான்பா இருக்கு!"

"அவளும் இந்த வீட்டு ஆளுதானே? ஒருத்தரை விட்டுட்டா அது சராசரியே இல்ல."

இரண்டு வயதுத் தங்கையின் முழங்கை நாற்பத்தேழு. கொத்தனாரின் சாக்பீஸை வாங்கி அப்பா சுவரிலேயே கணக்குப் போட்டார். கூட்டினால் நானூற்று முப்பது, ஐந்தால் வகுத்தால் எண்பத்தாறு, பத்தைக் கழித்தால் எழுபத்தாறு. அப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

கொத்தனார் தலையைச் சொறிந்தார். "சார், இப்ப இருக்கிற மேடையே எண்பத்தஞ்சு. எழுபத்தாறுல கட்டினா அது சமையல் மேடையா, உக்கார்ற பெஞ்சா?"

உயர்த்த வந்த மேடை ஒன்பது சென்டிமீட்டர் இறங்கப் போகிறது! அம்மா இனி கேள்விக்குறியாக நிற்க மாட்டாள், தரையைத் தொட்டுக் கும்பிடத்தான் போகிறாள்.

"பாப்பா ஒருத்தியே சராசரியைக் காலைப் பிடிச்சுக் கீழ இழுக்கிறாப்பா. இந்த மாதிரி நேரத்துல இடைநிலைதான் பாக்கணும்" என்று கத்தினேன். எங்கள் டீச்சர் அப்படித்தான் சொல்லியிருந்தார். சின்னதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவில் நிற்கிறதை எடுத்தால், ஓரத்தில் இருப்பவர் எவ்வளவு குட்டை, எவ்வளவு நெட்டை என்ற தொல்லை இல்லை.

வரிசையில் நின்றோம். பாப்பா, அத்தை, நான், அப்பா, அம்மா. நடுவில் நின்றது நானேதான்.

தொண்ணூறில் பத்து போனால் எண்பது. இப்போதும் ஐந்து சென்டிமீட்டர் இறக்கம்.

"நல்ல ஆளுடி நீ! அம்மாவுக்காகச் சண்டை போடறேன்னு கிளம்பி, மேடையைத் தனக்குக் கட்டிக்கிட்டா பாரு" என்று அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் காது வரை சூடேறியது.

"அப்போ முகடு பாக்கலாம்" என்றேன் விடாமல்.

கொத்தனார் அண்ணாந்து பார்த்தார். அத்தையும் பார்த்தாள். அவர்களைப் பார்த்துப் பாப்பாவும் பார்த்தாள்.

"முகட்டுக்கு என்னம்மா?" என்றார் கொத்தனார். "கூரை நல்லாத்தானே இருக்கு? அதுல கை வெச்சா சாரம் கட்டணும், அது தனி வேலை."

"அந்த முகடு இல்லண்ணே! எது அதிக தடவை வருதோ அதுக்குப் பேர்தான் முகடு."

ஐந்து எண்களும் ஐந்து விதம். எதுவும் இரண்டாம் முறை வரவில்லை. முகடே இல்லை. "அப்போ சராசரிதான்" என்று அப்பா கையைத் தட்டினார். கொத்தனார் அடுத்த ஞாயிறு ஆளோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுப்பாடத்தைத் திறந்தேன். ஒரு வகுப்பில் யாருக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று ஒரு கேள்வி. நீலத்தையும் பச்சையையும் கூட்டி வகுக்க முடியாது. வரிசையில் நிறுத்தி நடுவில் ஒன்றை எடுக்கவும் முடியாது. ஆனால் முகடு மட்டும் உண்டு. அதிகம் பேர் சொன்ன நிறம் எதுவோ, அது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் கேட்ட கேள்வியே தப்பு. யார் எவ்வளவு உயரம் என்றா மேடை கேட்கிறது? யார் நிற்கிறார்கள் என்றல்லவா கேட்கிறது!

அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஐந்து பெயர்களை எழுதினேன். மேடையில் நின்று ஒரு வேலை செய்தால் ஒரு கோடு. நான்கு கோட்டுக்குப் பிறகு ஐந்தாவதைக் குறுக்கே போட வேண்டும். அப்பா தாராளமாகச் சம்மதித்தார். அவர் கணக்கில்தான் எல்லாரும் சமைக்கிறோமே!

மறுநாளே அவர் மேடையில் சாய்ந்து செய்தித்தாள் படித்துவிட்டு, "எனக்கு ஒரு கோடு போடு" என்றார்.

"பேப்பரையா வதக்குனீங்க?"

"நின்னேன்ல?"

"டீ ஆச்சான்னு கேக்கத்தானே நின்னீங்க" என்றாள் அத்தை, தையல் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமல். கடைசியில் ஒருநாள் டீயைச் சூடுபண்ணி ஒரு நியாயமான கோட்டை அப்பா வாங்கிக்கொண்டார். பாப்பா மேடை மேல் ஏறி உட்கார்ந்து கரண்டியால் பாத்திரத்தைக் கலக்கியதால் அவளுக்கும் ஒன்று. எனக்கும் அத்தைக்கும் சில கோடுகள். அம்மாவின் கோடுகள் கட்டுக்கட்டாக ஜன்னல் வரை போய், இடமில்லாமல் கீழே இறங்கின.

அம்மா சுவரைத் துடைக்கும்போது கோடுகளை விட்டுவிட்டுச் சுற்றிலும் துடைப்பாள்.

ஞாயிறன்று கொத்தனார் சுத்தியலோடு வந்தார். நான் வழக்கறிஞர் தோரணையில் சுவரைக் காட்டினேன். அப்பா பார்த்தார். அவருக்கு ஒன்று, பாப்பாவுக்கு ஒன்று. முகத்தில் ஈயாடவில்லை.

"முகடு அம்மாதான். அம்மா உயரத்துக்குக் கட்டுங்க" என்றேன்.

"ஆமாமா. நூறு சென்டிமீட்டர்" என்றார் அப்பா, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே. கொத்தனார் சுத்தியலை ஓங்கினார்.

"நிறுத்துங்க."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தன் கோடுகளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள்.

"அவர் முழங்கை எவ்வளவு அண்ணி?" என்று அப்பாவைக் காட்டி அத்தையிடம் கேட்டாள்.

"தொண்ணூத்தஞ்சு."

"பத்து போனா?"

"எண்பத்தஞ்சு" என்றார் கொத்தனார். பிறகு மேடையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "அட! சாருக்கு அளவெடுத்துத் தெச்ச மாதிரில்ல இருக்கு!"

"ஆமா. அப்புறம் எதுக்கு இடிக்கணும்? என் உயரத்துக்குக் கட்டிட்டா ஆயுசுக்கும் நான்தான் முகடு. மேடை இப்படியே இருக்கட்டும். முகட்டை மாத்துங்க."

இவளுடைய முதுகுக்காக ஒரு வாரம் சுவரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன், இப்படிக் கவிழ்த்துவிட்டாளே என்று முதலில் எனக்கு எரிச்சல் வந்தது. பிறகு அம்மா போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுப்பு எரியும் நேரத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. என் எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

கொத்தனார் மெல்ல சுத்தியலைப் பைக்குள் வைத்தார். அத்தை அப்பா கையில் கரண்டியைக் கொடுத்தாள்.

"நீ என்ன வேடிக்கை பாக்கிற? உனக்கும் இந்த மேடை அஞ்சு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். கிழங்கை நறுக்கு" என்றாள் அம்மா என்னிடம்.

நான் நறுக்கினேன், அப்பா வதக்கினார். வியர்த்து விறுவிறுத்து அவர் கொண்டுவந்து வைத்த உருளைக்கிழங்கு அடியில் கரி, மேலே பச்சை. அம்மா ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சராசரியா பாத்தா சரியாத்தானே வெந்திருக்கு?"

அம்மா சிரித்த சிரிப்பில் துண்டு கையிலிருந்து விழுந்தது. அவள் அதை எடுக்கக் குனியவில்லை. அப்பாதான் குனிந்து எடுத்தார். நான் எழுந்து போய் அவர் பெயருக்கு நேரே இரண்டாவது கோட்டைப் போட்டேன்.