வயரில் ஆறு, வைஃபையில் மழை

பரவைத்திடல் பாசன அலுவலகத்தில் ஆற்றுத் தண்ணீர் வயரில் வரும், மழை வைஃபையில் வரும். இரண்டுக்கும் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதன் முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவள் தமயந்தி.

வயர் அணையிலிருந்து கிளம்பி, வழியில் உள்ள அலுவலகங்களையெல்லாம் தொட்டுக்கொண்டு, கடைசியாக இங்கே சுவரோரம் இருக்கும் சின்னப் பெட்டிக்கு வந்து சேர்கிறது. பெட்டியிலிருந்து ஒரு வயர் கம்ப்யூட்டருக்குப் போகிறது, மற்றவை ஜன்னல் வழியாக இறங்கி வயல்களுக்குப் போகின்றன. அணையை ஒட்டிய தலைமடைக்காரர்கள் எடுத்தது போக மிச்சம் மீதிதான் கடைமடையான இந்த ஊருக்கு. நல்ல வருஷங்களில் வயரைக் காதோரம் பிடித்தால் சலசலவென்று கேட்கும். இந்த வருஷம் மார்கழி முடியப்போகிறது, ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

மழை அப்படியில்லை, அதற்குத் தலையும் கிடையாது கடையும் கிடையாது. உத்தரத்தில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தால் மேலே மழை இருக்கிறது என்று அர்த்தம். வயரைக் கழற்றிவிட்டு வைஃபையைப் போட்டால் கொட்டும். ஆனால் கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்குள் மட்டும்தான் கொட்டும். வெயில் தாங்காத நாட்களில் கொஞ்ச நேரம் போட்டுக்கொள்வார்கள். பீரோவின் மேல் புல் நன்றாக வளர்ந்திருந்தது.

சரி, இரண்டையும் சேர்த்துப் போட்டால் என்ன? போடலாம். ஆனால் கம்ப்யூட்டர் வயரை மட்டும்தான் பார்க்கும். வயர் காய்ந்து கிடந்தாலும் அதிலேயே வாயை வைத்துக்கொண்டு காத்திருக்கும். தலைக்கு மேலே ஒரு வானம் மழை வந்து நிற்கிறதே என்று நிமிர்ந்துகூடப் பார்க்காது. அப்படி ஒரு விசுவாசம்.

இரண்டும் ஒன்றாக ஓடக் கூடாது என்று உதவிப் பொறியாளர் அருளப்பனும் சொல்லிவைத்திருந்தார். வயர்த் தண்ணீர் அரசாங்கத்துடையது, மழை யாருடையதும் இல்லை. இரண்டும் கலந்துவிட்டால் எந்தத் தலைப்பில் கணக்குக் காட்டுவது என்பது அவருடைய கவலை. நல்ல மனுஷர்தான். தலைப்பு இல்லாத காரியம் என்றால் மட்டும் பேனாவை மூடி வைத்துவிடுவார்.

தமயந்தியின் அண்ணன் சிங்காரவேல் தினமும் காலையில் வந்து அலுவலக வாசலில் நிற்பார். கடலுக்கு முந்தின கடைசி வயல் அவருடையது. கதிர் பால் பிடிக்கிற நேரம், ஒரு நனைப்புக் கிடைத்தால் போதும், கரையேறிவிடும். கிடைக்காவிட்டால் அத்தனையும் பதர். ஊர்க்காரர்களோடு அணைக்குப் போய்க் கேட்டுப் பார்த்தார். முறை வரும், போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வந்து நிற்பார், அவ்வளவுதான். அப்படி நிற்பதைத்தான் தமயந்தியால் தாங்க முடியவில்லை. வாய்விட்டுக் கேட்டுத் தொலைத்தால்கூட இல்லை என்று சொல்லிவிட்டு அழுதுகொள்ளலாம்.

அன்றைக்கு அவர் படியேறி உள்ளே வந்தார். கையில் இருந்த கதிரிலிருந்து ஒரு மணியைக் கிள்ளி மேசைமேல் வைத்து நசுக்கிக் காட்டினார். மெல்லிய உமிதான் மிஞ்சியது.

"நாளைக்கித் தாங்காது ஆயி," என்றார் தங்கையிடம்.

தமயந்தி உத்தரத்தைப் பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிறகு பக்கத்து மேசையில் இருந்த அருளப்பனைப் பார்த்தாள். அவர் அந்த நசுங்கிய மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போய் டீ குடிச்சிட்டு வரேம்மா," என்றார். குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

தமயந்தி திரையில் இரண்டு வழிகளையும் திறந்தாள். முதலில் வயர், அதற்குக் கீழே வைஃபை என்று இருந்தது. வைஃபையை மேலே ஏற்றினாள். வயரைக் கழற்றவில்லை. வைஃபையில் வாங்குவதை வயரில் விடு என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னாள். இத்தனை வருஷப் பழக்கத்தை விடுவதற்கு அது சிறிது நேரம் எடுத்துக்கொண்டது.

பிறகு மழை வந்தது. அறைக்குள் இறங்கிய துளிகள் ஆள் உயரத்தில் அப்படியே நின்றன. நின்று, திரும்பி, ஒன்றின் பின் ஒன்றாகக் கம்ப்யூட்டருக்குப் பின்பக்கம் நடந்து போயின. ஒரு துளிகூடத் தரையில் விழவில்லை. வயர் சில்லிட்டு, லேசாகப் புடைத்தது. ஜன்னலுக்கு வெளியே வயல்வரை கிடந்த வயர்களெல்லாம் வரப்பைவிட்டு ஒரு விரற்கடை எழும்பி நடுங்கின. தமயந்தி வயரைத் தொட்டாள். சுண்டுவிரல்கூடப் பருமன் இல்லாத அதற்குள் இடியும் மின்னலுமாக முழு வானமும் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயம் என்று சொல்ல முடியாது. இத்தனை பெரிய ஒன்று இத்தனை சின்ன இடத்தில் முட்டாமல் மோதாமல் போகிறதே என்ற மலைப்பில் அவள் கையை எடுக்கவே மறந்துபோனாள்.

சிங்காரவேல் எப்போது ஓடினார் என்று அவள் கவனிக்கவில்லை. வயலிலிருந்து செல்போனில் கூப்பிட்டார். வெகுநேரம் தவளைச் சத்தம்தான் கேட்டது.

"நனைஞ்சிடுச்சு ஆயி," என்றார்.

வயருக்கு இரண்டு நுனி உண்டு என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. வயலுக்கு மட்டும் போ என்று மழைக்கு யாரும் சொல்லவில்லை. அது அணைப்பக்கமும் ஏறிப் போயிருந்தது. மேசைமேல் இருந்த போன் அடித்தது. பேசியவர் அணையின் பொறியாளர். முறை வரும் என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு வார்த்தை அவள் கேட்டதில்லை.

"தண்ணி வருதும்மா. கீழேருந்து மேல வருது," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னும் கொஞ்சம் கெடைக்குமா?" என்று கேட்டார்.

தலைமடை கடைமடையிடம் கேட்கிறது. தமயந்திக்குக் கண் கலங்கிவிட்டது. அருளப்பன் சாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். அருளப்பன் நனையாத குடையோடு திரும்பி வந்தார். விஷயத்தைக் கேட்டார், உலர்ந்திருந்த நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். நன்கொடை என்ற தலைப்பில் காட்டிக்கொள்ளலாம் என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவள் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலையில் தலைமடைக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு வயரின் நுனி இருந்தது. தங்கள் தங்கள் வயலிலிருந்து ஆற்றங்கரையோடு இழுத்துக்கொண்டே நடந்து வந்திருந்தார்கள். சுவரோரப் பெட்டியில் ஒரு துளைதான் காலியாக இருந்தது. முறை வரும், அதுவரை உட்காருங்கள் என்றாள் தமயந்தி. பழக்கத்தில் வாசலுக்கு வந்து நின்ற சிங்காரவேல் அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

எல்லாருக்கும் கடைசியாக அணை வந்தது. அவ்வளவு தூரம் நடந்ததில் அதற்கு மூச்சு வாங்கியது. உள்ளே இடம் இல்லாததால் எதிரே புளியமரத்தடியில் உட்காரச் சொன்னார்கள். சிங்காரவேல் ஒரு செம்பில் தண்ணீர் மொண்டுபோய் அதனிடம் கொடுத்தார்.